நமது போன் தரவை வைத்து கொழும்பு எப்படி இயங்குகிறது என்று அறிய முடியுமா?

முடியும், இங்கேயே செய்தும் இருக்கிறார்கள். கொழும்பில் இயங்கும் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், பெயரும் இலக்கமும் மறைக்கப்பட்ட அழைப்புப் பதிவுகளை வைத்து நகரத்தின் நடமாட்டத்தை ஆராய்ந்தது.

நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது இதில் வராது. எத்தனை மணிக்கு, எந்தத் தொலைபேசிக் கோபுரத்தின் வழியாக அழைப்புப் போனது என்பது போன்ற விவரங்கள்தான். இரவில் ஒரு போன் பெரும்பாலும் புறநகரான மகரகமையின் கோபுரத்திலும், பகலில் நகர மையமான கோட்டைப் பகுதியின் கோபுரத்திலும் பதிவானால், வீடு எங்கே, வேலை எங்கே என்று ஊகிக்கலாம். இப்படி இலட்சக்கணக்கான போன்களைச் சேர்த்துப் பார்த்ததில், பகலில் கொழும்பு நகருக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள் என்று தெரிந்தது. காலையில் காலி வீதியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருபவருக்கு இது புதினமில்லைதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு பேர் என்பது பஸ், ரயில் சேவையைத் திட்டமிடுபவர்களுக்குத் தேவை. வீடு வீடாகப் போய்க் கேட்டு இதை எடுக்கப் பெருஞ்செலவாகும், எடுத்து முடிப்பதற்குள் நிலைமையும் மாறிவிடும்.

குறைகளும் உண்டு. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் இரண்டு சிம், தம்பியின் பிள்ளைகளிடம் ஒன்றுமில்லை. அப்போது தலைக்கணக்கு எப்படிச் சரியாக வரும்? கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் ஊர்ப்புறங்களில் இடமும் துல்லியமாகத் தெரியாது.

அப்புறம் அந்தரங்கம். பெயரை எடுத்துவிட்டால் போதாது. வீடும் வேலையிடமும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஆய்வாளர்களுக்குத் தனித்தனிப் போன்களின் பதிவைக் கொடுக்காமல், பலரைச் சேர்த்த கூட்டுத்தொகையை மட்டும் கொடுப்பதே நல்லது.