மேப்பிள் சாறு இறக்க, வாக்குவம் பம்புக்கு எந்தக் குழாய்?

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மேப்பிள் மரத் தோப்பு, சாற்றை உறிஞ்சி இழுக்கும் வாக்குவம் பம்ப் வாங்கியாயிற்று, ஹார்டுவேர் கடை வினைல் டியூப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மெத்தென்ற டியூப் உறிஞ்சலில் சப்பிப்போகும், இணைப்பிலும் இறுக்கமாக நிற்காது. மேப்பிளுக்கென்றே விற்கும், உணவுத் தரமுள்ள, சற்று விறைப்பான 5/16 அங்குலக் குழாயை வாங்குங்கள். மரங்களை இணைக்கும் ஒரு கிளைக்குழாயில், மரத்தில் போடும் துளைகளை ஐந்தாறோடு நிறுத்திக்கொண்டால் கடைசி மரம் வரை வாக்குவம் கிடைக்கும். கிளைகள் வந்து சேரும் பெரிய குழாயைக் கம்பியில் விறைப்பாகக் கட்டி, சரிவாக இழுக்க வேண்டும். தொய்ந்த இடத்தில் சாறு தேங்கி இரவில் உறைந்துவிடும். 3/16 அங்குலக் குழாய் மலிவுதான், ஆனால் அதன் பலமே நல்ல சரிவில் பம்ப் இல்லாமல் இழுப்பது. மரத்தில் செருகும் முனையை மட்டும் வருடாவருடம் மாற்றுங்கள். பழையதில் கிருமி சேர்ந்தால் துளை சீக்கிரம் அடைபடும். அப்புறம், அணில் கடிக்கும். இணைப்புகள் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.