தொண்டையில் தவளை

கேள்வி: இலண்டனில் பிறந்து வளர்ந்த என் பேரன் தொலைபேசியில், தான் ‘அண்டர் த வெதர்’ என்றான். அங்கே மழையாக்கும் என்று நினைத்துக் குடையை மறவாதே என்றேன், சிரிக்கிறான். அதன் பொருள் என்ன?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அவருக்குச் சற்று ஏலாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான் அம்மா. தடிமன், தலையிடி, உடம்பு உளைவு போன்ற சில்லறைச் சுகவீனங்களுக்கே அத்தொடர் பொருந்தும். கடும் நோயில் கிடப்பவரைப் பற்றி அவ்வாறு சொல்வதில்லை.

இதைவிட ஆளைத் தடுமாற வைப்பது ‘சிக்’ என்ற சின்னச் சொல்தான். ‘ஐ வோஸ் சிக்’ என்று அமெரிக்கர் சொன்னால் சுகமில்லாமல் இருந்தேன் என்று பொருள். பிரித்தானியரோ அதையே பெரும்பாலும் சத்தியெடுத்தேன் என்ற கருத்தில் சொல்வர். ஆகவே காய்ச்சலில் கிடந்த நம்மவர் ஒருவர் இலண்டன் அலுவலகத்தில் அப்படிச் சொன்னால், கேட்பவர் முதலில் வயிற்றைப் பற்றியே விசாரிக்கக்கூடும். ‘சிக் அஸ் எ பரட்’, அதாவது கிளியைப் போல் நோயுற்றேன் என்பதோ நோயே அல்ல. உதைபந்தாட்டத்தில் தோற்றவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஏமாற்றச் சொல். குரல் கம்மினால் தொண்டையில் தவளை என்பார்கள். நாம் தொண்டை கட்டிவிட்டது என்று மல்லி அவிக்கிறோம்.

பேரன் அடுத்த முறை ‘ரைட் அஸ் ரெயின்’ என்றால் மறுபடியும் குடையை நினைக்க வேண்டாம். பூரண சுகம் என்று பொருள்.