நீர்கட்டியைக் கூப்பிட்டீர்களா?

அன்புள்ள ஐயா,
பருவநிலை மாற்றத்தை நகரம் எப்படி எதிர்கொள்வது என்று எங்கள் பகுதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கவிருக்கிறது. மாடியில் சூரியத் தகடு, தெருவில் மரக்கன்று என்று சங்கத்தில் பேசிவருகிறோம். இத்தகைய கூட்டங்களால் பயன் உண்டா?
ம., வேளச்சேரி

அன்புள்ள ம.,

தகடும் மரக்கன்றும் நல்லவைதான், வையுங்கள். என் மனம் சில நாட்களாக வேறிடத்தில் கிடக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு நீர்கட்டி இருந்தார், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். ஊர்க்கூட்டத்தில் அவரைத் திண்ணையில் உட்காரவிட மாட்டார்கள். அந்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் எந்த மடையை எப்போது திறப்பது என்பதில் அவர் சொன்னதற்கு என் தாத்தாவும் மறுபேச்சுப் பேசியதில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கல் வழியுமுன்பே, கீழேரி ஊருக்கு ஆள் அனுப்பிவிடுவார். எங்கள் ஏரியின் மிகைநீர்தான் அவர்கள் ஏரிக்கு வரத்து.

உங்கள் வேளச்சேரியிலும் ஓர் ஏரி உண்டே. அங்கே விழும் மழை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு இறங்கி, ஒக்கியம் மடு என்ற நீர்வழியைத் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு வனத்துறையிடம், ஏரி நீர்வளத்துறையிடம், தெரு வடிகால் மாநகராட்சியிடம். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியுமா? 2019இல் சென்னைக்கு, பேரிடர்களைத் தாங்கி மீள்வதற்கான மீள்திறன் திட்டம் வந்தது. 2023 ஜூனில் காலநிலைச் செயல்திட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும்.

2015 வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளோடு நகருக்குள் வந்து நம்மை மீட்டார்கள். மாலை போட்டோம், கைதட்டினோம். முகத்துவாரம் எப்போது தூர்ந்தது, எந்தக் காற்றில் கடல் ஆற்றுநீரை உள்வாங்காது என்று அவர்களிடம் கேட்டோமா? உங்கள் தெருவின் வடிகாலில் இறங்கும் தொழிலாளியிடம், எங்கே அடைக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் சங்கம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அந்தத் தொழிலாளி மட்டும் இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன் தம்பி, பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு புழங்குகிறவர்களை வாசலில் நிறுத்திவிட்டு நடத்துவதைக் கூட்டுமுயற்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூட்டத்திற்குப் போங்கள். அந்தத் தொழிலாளியின் அன்றைய கூலி போகாதபடி சங்கத்தில் ஏற்பாடு செய்து, அவரையும் அழைத்துப் போங்கள். முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.