300 பிடிஎஃப் இருக்கிறது, ஒரு பக்கம் எழுதவில்லை

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. 300 கட்டுரைகளுக்கு மேல் இறக்கி வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்க எதுவும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. எவ்வளவு படித்த பிறகு எழுதலாம்?

பதில்: இந்த வாரமே எழுதலாம். இறக்கியதையெல்லாம் படித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வது ஆய்வாளர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். அந்த 300-இல் வரிவரியாகப் படிக்க வேண்டியவை பத்துப் பதினைந்து தேறினால் அதிகம். மற்றவற்றுக்குச் சுருக்கமும் படங்களும் முடிவுரையும் போதும்.

அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து, அதன் முக்கிய அட்டவணையை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். முறையியல் பகுதியில் "பொருந்தாத பதிவுகள் நீக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறதென வைத்துக்கொள்வோம். படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். செய்து பார்க்கும்போதுதான் இடறும். திரட்டியது 412, அட்டவணையில் 371. மீதி 41 எங்கே? பொருந்தவில்லை என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? அவற்றைத் திரும்பச் சேர்த்தால் முடிவு நிற்குமா? உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி இப்படித்தான் கிடைக்கும். (திருட்டைப் பிடித்துவிட்டதாகத் துள்ள வேண்டாம், பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.) நெறியாளரிடமும் "என்ன படிக்கட்டும்?" என்று கேட்பதைவிட, "இந்த 41-ஐ நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்டுரையிலும் அச்சேறாத கைப்பக்குவம் அந்தப் பதிலில் வரும்.

தேடும்போது முன்னோக்கியும் போங்கள். 1964-இல் யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை வரும்வரை, ஒரு அறிவியல் கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. இன்று கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்கு. நீங்கள் நம்பியிருக்கும் முடிவை அடுத்து வந்தவர்கள் உடைத்துவிட்டார்களா என்பது அங்கேதான் தெரியும்.

எழுதுவதை முன்னுரையில் தொடங்காதீர்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அது. என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் முறையியலை முதலில் எழுதுங்கள். அரைப் பக்கம் ஆனதுமே நெறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

மீதி 285 கோப்புகளை அழிக்க மனம் வராது. கிடக்கட்டும்.