நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம்: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் பதில்கள்.

கேள்வி: எருத்தேம்பதியில் எங்கள் தென்னந்தோப்புக் காவலுக்கு இரண்டு நாட்டு நாய்கள் வைத்திருக்கிறோம். சாதி நாய்க்கு மட்டும்தான் உரிமம் வேண்டும் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: இல்லை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கீழ் பன்றிக்கும் நாய்க்கும் உரிமம் வழங்க 1998இல் வகுக்கப்பட்ட விதிகள் நாட்டு நாய், சாதி நாய் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பன்றியோடு சேர்த்து எழுதப்பட்டதாலோ என்னவோ, இவை பண்ணைக்காரர்களுக்கான விதிகள் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். இரண்டு நாய்களையும் விண்ணப்பத்தில் காட்டுங்கள்.

கேள்வி: வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சீட்டு தொலைந்துவிட்டது. போட்டது போட்டதுதானே, சீட்டு எதற்கு?

பதில்: அம்மா, உரிமமே அந்தச் சீட்டின் மேல்தான் நிற்கிறது. உரிமையாளர் பெயர், நாயின் நிறமும் வயதும், மருந்தின் பெயர், அதன் தொகுதி எண், போட்ட தேதி, அடுத்து போட வேண்டிய தேதி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் கையொப்பம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ஊசி போட்ட மாட்டாஸ்பத்திரியின் பதிவேட்டில் விவரம் இருந்தால் நகல் கேளுங்கள். இல்லையெனில் மறுபடி போட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் கூடுதலாக ஒரு தவணை போடுவதால் நாய்க்குக் கெடுதல் இல்லை. குட்டியாக இருந்தால் மூன்று மாதம் நிறைந்த பிறகு முதல் ஊசி போட வேண்டும். அதற்கு முன் போட்டால், தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புச் சக்தி மருந்தை முழுமையாக வேலை செய்ய விடாது. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்கத் தவணையும், அதன் பின் ஆண்டுக்கொரு முறையும் போட்டு, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது புதிய சீட்டையே காட்டுங்கள்.

கேள்வி: குடியிருப்பது பொள்ளாச்சி, தோப்பும் நாயும் மீனாட்சிபுரத்தில். எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: நாய் எங்கே வளர்கிறதோ, அந்த எல்லைக்குரிய பஞ்சாயத்தில்.

கேள்வி: மலையாளம் எழுத வராது. தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா?

பதில்: தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே தயங்காமல் தமிழில் கொடுங்கள். நம்மவர்கள் கேட்காமலே விட்டுவிடும் உரிமைகளில் இதுவும் ஒன்று.

கேள்வி: ராட்வைலர் வளர்க்கத் தடை என்கிறார்களே?

பதில்: மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 வகை நாய்களைக் குறித்து அனுப்பிய சுற்றறிக்கையில் அதுவும் இருந்தது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எப்படியாயினும், வாங்கும் முன் பஞ்சாயத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: உரிமம் பெற்ற நாய் பால்காரரைக் கடித்துவிட்டால் நம் மேல் பொறுப்பு வராதல்லவா?

பதில்: வரும். வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடிபட்டவரின் காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நாயை 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருந்து, கடிபட்டவருக்குப் போட வேண்டிய ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாய் நலமாக இருந்தால் மீதித் தவணைகள் வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.