பீப் டெஸ்ட்டில் 7.2: மகளுக்கு ஸ்டாமினா போய்விட்டதா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஹாக்கியில் மிட்ஃபீல்டு ஆடுகிறாள். போன நவம்பரில் காலை வேளையில் செயற்கைப் புல் மைதானத்தில் வைத்த 20 மீட்டர் பீப் டெஸ்ட்டில் 8.4 வரை ஓடினாள். இந்த ஏப்ரலில் மாலை 4 மணிக்கு மண் தரையில் ஓடியபோது 7.2-லேயே நின்றுவிட்டாள். இடையில் எடை 46 கிலோவிலிருந்து 50 ஆகியிருக்கிறது. சீக்கிரம் களைத்தும் போகிறாள். "ஸ்டாமினா குறைந்துவிட்டது, எடையைக் குறை" என்கிறார் கோச். 7.2-ஐ ஒரு ஆப்பில் போட்டால் வி.ஓ.2 மேக்ஸ் 37 என்கிறது, இன்னொன்றில் 43 என்கிறது. கிரிக்கெட் வீரர்கள் எல்லாம் 16, 17 எடுக்கிறார்களே என்று வீட்டில் பேச்சு. இதயத்தில் ஏதாவது கோளாறா? டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? இரண்டு மாதத்தில் செலக்‌ஷன் வருகிறது.
- வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் பயத்தை இறக்கி வைத்துவிடலாம். ஒரு லெவல் குறைந்ததை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் இதயக் கோளாறு என்று சொல்ல மாட்டார். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: "சீக்கிரம் களைத்தும் போகிறாள்." அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 37, 43 குழப்பத்தை முடித்துவிடுவோம். வி.ஓ.2 மேக்ஸ் என்பது முழு மூச்சாக ஓடும்போது உடல் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. இந்த டெஸ்ட்டை 1982-ல் உருவாக்கியவர்கள் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் லெஜே, லாம்பர்ட் என்ற இருவர். இன்று பரவலாக நடக்கும் வடிவம் 1988-ல் வந்தது. 20 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, அடுத்த பீப் சத்தத்துக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டுத் திரும்பித் திரும்பி ஓட வேண்டும். ஒரு தடவை கடப்பது ஒரு ஷட்டில். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை அரை கிலோமீட்டர் வேகம் கூடும், அந்த ஒவ்வொரு நிமிடமும் ஒரு லெவல். 7.2 என்றால் 7-வது லெவலில் இரண்டாவது ஷட்டில். 7-வது லெவலுக்கு வரும்போது வேகம் 11.5, 20 மீட்டரை ஆறே கால் விநாடியில் கடந்தாக வேண்டும்.

இதில் உண்மையில் அளக்கப்படுவது ஓட்டம் மட்டும்தான். ஆக்சிஜனை யாரும் அளக்கவில்லை. கடைசியாக முடித்த வேகத்தையும் வயதையும் ஃபார்முலாவில் போட்டு, உடல் இவ்வளவு ஆக்சிஜன் எடுத்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். எட்டயபுரம் சந்தையில் பழுத்த வியாபாரி ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் இல்லையா, அது மாதிரி. பெரும்பாலும் கிட்டத்தில் இருக்கும், ஆனாலும் அது தராசு இல்லை. உங்கள் மகள் முழுதாக முடித்தது 6-வது லெவல், அதாவது 11 கிலோமீட்டர் வேகம். லெஜேயின் சிறுவர் ஃபார்முலாவில் 15 வயதுக்கு அது 43 தரும். பிரிட்டனில் அதே 1988-ல் வந்த வேறொரு அட்டவணையில் 7.2-க்கு நேராக 37 என்று இருக்கும். அது பெரியவர்களை ஓடவிட்டுப் போட்ட கணக்கு. ஆக, இரண்டு ஆப்பும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு அட்டவணையைப் பார்த்துச் சொல்கின்றன.

லெஜே குழுவின் 1988 ஆய்விலேயே, ஊகித்த அளவுக்கும் நேரடியாக அளந்ததற்கும் உள்ள ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) பெரியவர்களிடம் 0.90, பிள்ளைகளிடம் 0.71. கடைசி எண்ணை அதாலேயே பெருக்கினால் சுமார் 0.5 வரும். அதன் அர்த்தம் என்னவென்றால், பிள்ளைகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தில் பாதியைத்தான் இந்த ஃபார்முலாவால் சொல்ல முடிகிறது. மீதிப் பாதியில் கால் நீளம், திரும்பும் லாவகம், மூச்சு முட்டியபின்னும் விடாமல் ஓடும் பிடிவாதம் எல்லாம் அடங்கும். அதனால் 37-ஆ 43-ஆ என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள்.

கிரிக்கெட்காரர்களின் 16, 17 வேறு டெஸ்ட். அது யோ-யோ. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ கால்பந்துக்காக வகுத்தது. 20 மீட்டர் போய்த் திரும்பி வந்ததும் 10 விநாடி ஆசுவாசம் கிடைக்கும். அதன் முதல் நிலை டெஸ்ட்டில் 5-வது லெவலில்தான் எண்ணிக்கையே தொடங்கும், அடுத்தது 9, அதற்கடுத்தது 11 என்று எண் தாவும். இந்திய கிரிக்கெட் வாரியம் ஒரு சமயம் தேர்ச்சிக்கு வைத்திருந்த 16.1-ஐ மீட்டரில் சொன்னால் 1,120. உங்கள் மகள் இடைவிடாமல் ஓடியதும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அவர்கள் கடைசியில் 15.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார்கள், அது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் 16-ஐயும் 7-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சரி, எதோடுதான் ஒப்பிடுவது? அவளையே அவளோடு. 8.4-க்கும் 7.2-க்கும் நடுவில் இருப்பது சுமார் 12 ஷட்டில், 240 மீட்டர். நவம்பர் காலையில் செயற்கைப் புல்லில் ஓடியதையும் ஏப்ரல் மாலை 4 மணிக்கு மண்ணில் ஓடியதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெயிலில் உடலைக் குளிர்விக்கவே ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடும், காலுக்கு அந்த அளவு குறையும். மண்ணில் திரும்பும்போது கால் வழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கால் விநாடி போனால்கூட 7-வது லெவலில் அது தாங்காது. ஒரே தரையில் ஒரே நேரத்தில் ஓடினாலும் அரை லெவல் முன்னே பின்னே வருவது சகஜம். ஆகவே இந்தச் சரிவில் ஒரு பகுதி மைதானத்தின் கணக்கு.

இன்னொரு பகுதி எடையின் கணக்கு. வி.ஓ.2 மேக்ஸ் என்பது ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, எத்தனை மில்லி ஆக்சிஜன் என்ற அளவு. ஒரு பெண்ணின் உடல் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 46 கிலோவில் அது 43.5 என்று வரும், 50 கிலோவில் 40. இதயமும் நுரையீரலும் கொஞ்சம்கூடப் பலவீனம் ஆகவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. 15 வயதில் நான்கு கிலோ ஏறுவது பெரும்பாலும் வளர்ச்சி. அந்த எடையைச் சுமந்து திரும்பி ஓட கால் தசை பழகச் சில மாதம் ஆகும்.

அதனால்தான் "எடையைக் குறை" என்ற வார்த்தையில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. கோச் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டை நிறுத்தும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும், அப்புறம் நின்றே போகும், எலும்பு தேயும், கணுக்காலுக்கு மேலே நுண்முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனிப்பெயரே வைத்து எச்சரித்தது. அவளுக்கு மாதவிடாய் சரியாக வருகிறதா என்று கேளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் வரவில்லை என்றால் செலக்‌ஷனைவிட அதுதான் அவசரம்.

இப்போது களைப்புக்கு வருவோம். 15 வயதுப் பெண், தினமும் விளையாட்டு, சில மாதங்களாகச் சீக்கிரம் களைக்கிறாள் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்புச்சத்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால் இதயம் எவ்வளவு அடித்தாலும் தசைக்குப் போகிற சரக்கு குறைவுதான், அது நேராக லெவலில் தெரியும். முழு ரத்தப் பரிசோதனையும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்டும் எடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போயிருந்தால் இரும்புச் சேமிப்பு காலி என்று பொருள். ஓடுகிற பெண்ணாக இருந்தால் 30-க்குக் கீழேயே நான் கவனிக்க ஆரம்பிப்பேன். காய்ச்சல் வந்து போன கையோடு இதை எடுக்காதீர்கள், ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாகப் போடுகிறாளா என்பதையும் விசாரியுங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், இரும்பை அது உறிஞ்சவிடாது.

கூடவே அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எதனால் நின்றாய்? இந்த ஒரு பதில் லெவல் எண்ணைவிட எனக்கு அதிகம் சொல்லும். "கால் கனத்துப் போச்சு", "மூச்சு வாங்குச்சு" என்றால் சாதாரணம். நின்ற பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுகி, இருமலோ விசில் சத்தமோ வந்தால் ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், எளிதாகச் சமாளிக்கலாம். ஓடி நின்ற பிறகு தலை சுற்றுவது பெரும்பாலும் சட்டென்று அசையாமல் நிற்பதால் ரத்தம் காலில் தேங்குவது. நடந்துகொண்டே இருந்தால் சரியாகிவிடும்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருந்தால், ஓடும்போது நெஞ்சு வலித்தால், இதயம் தாறுமாறாகப் படபடத்தால், அல்லது உங்கள் இரு குடும்பத்திலும் யாராவது 50 வயதுக்கு முன் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் போக வேண்டும். ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்தபிறகுதான் மறுபடி மைதானம். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. எழுத மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

டிரெட்மில் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் டிரெட்மில் டெஸ்ட் என்றால் நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டி நடக்கவிடுவது. அது பெரும்பாலும் நடுவயதுக்காரர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பைத் தேடுவதற்கு. உங்கள் மகளுக்கு அது தேவையில்லை, அது வி.ஓ.2 மேக்ஸையும் சொல்லாது. முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளக்கும் டெஸ்ட் வேறு, பெரிய நகரங்களின் விளையாட்டு மருத்துவ மையங்களில் இருக்கிறது. நான் மேலே சொன்ன காரணங்கள் எதிலும் விடை கிடைக்காவிட்டால் பார்க்கலாம். இப்போதைக்கு அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

ரத்தம் சரியாக இருந்தால் இரண்டு மாதம் தாராளம். 2001-ல் நார்வேயில் இளம் கால்பந்து வீரர்களை வாரம் இருமுறை, நான்கு நிமிட வேக ஓட்டம், நடுவே மூன்று நிமிடம் மெதுவோட்டம் என்று நான்கு சுற்று ஓடவிட்டார்கள். எட்டு வாரத்தில் நேரடியாக அளந்த வி.ஓ.2 மேக்ஸ் 58-லிருந்து 64 ஆனது. அவர்கள் பையன்கள், ஏற்கெனவே தேறியவர்கள். உங்கள் மகளுக்கு அதே எண் வரும் என்று சொல்லவில்லை, முறை பொருந்தும். நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகம் போதும். இத்துடன் பத்து நிமிடம் கோட்டில் திரும்பிப் பழகட்டும், அதற்கே சில ஷட்டில் கூடும். இரும்பு குறைவாக இருந்தால் மாத்திரை தொடங்கி, பயிற்சியைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும், அதைக் கோச்சிடம் ரிப்போர்ட்டோடு சொல்லிவிடுங்கள்.

செலக்‌ஷனுக்குப் பத்து நாள் முன்னால் ஒருமுறை ஓடிப் பார்க்கட்டும், நவம்பரில் ஓடிய அதே மைதானத்தில், காலையில், அதே ஆடியோவோடு. காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் அன்று வேண்டாம். முகமது ஷமி 2018 ஜூனில் யோ-யோவில் தேறாமல் ஆப்கானிஸ்தான் டெஸ்ட்டிலிருந்து வெளியேறினார். மறுபடி ஓடித் தேறி, அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார். மறுவாய்ப்பு கேட்பதில் கூச்சமே வேண்டாம், கோச்சிடம் நேரடியாகக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.