இழுத்து எடுத்த கன்று ஏன் எழவில்லை?

கேள்வி: எங்கள் கலப்பினக் கிடேரி தலையீற்றில் மிகவும் சிரமப்பட்டது. பனிக்குடம் உடைந்து மூன்று மணி நேரமாகியும் ஈனாததால், நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தோம். கன்று மூச்சு விட்டது. ஆனால் எழவில்லை, மடியையும் தேடவில்லை. மறுநாள் இறந்துவிட்டது. உயிரோடு பிறந்த கன்று ஏன் சாக வேண்டும்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: மூச்சு வந்துவிட்டால் கன்று பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஈனும் வழியில் நெடுநேரம் சிக்கும்போது தொப்புள்கொடி நசுங்கி, கன்றுக்கு ஆக்சிஜன் குறைகிறது. ரத்தத்தில் கரியமில வாயுவும் அமிலமும் ஏறுகின்றன. அத்தகைய கன்று துவண்டு கிடக்கும். நாக்கு வீங்கியிருக்கும், சப்பும் வேகம் இருக்காது. சீம்பால் உள்ளே போகாததால் உடல் சூடு இறங்கும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் ஒன்றே வழி. உங்கள் கன்றுக்கும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். நான்கு பேர் இழுத்த வேகத்தில் விலா எலும்பு முறிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

கன்று வெளியே வந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, மூக்குத் துளைக்குள் வைக்கோலை விட்டுக் கிளறுங்கள். தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். அப்போது வழிவது பெரும்பாலும் வயிற்று நீர். குடல் சரிந்து உதரவிதானத்தை அழுத்துவதால் மூச்சு இன்னும் திணறும். பின்னங்கால்களை இரு பக்கமும் முன்னோக்கி இழுத்துவிட்டு, நெஞ்சை ஊன்றி உட்கார வையுங்கள். இரண்டு நுரையீரலும் விரியும். உலர்ந்த சாக்கால் அழுத்தித் தேயுங்கள்.

கால் மணி நேரத்தில் தானாக நிமிர்ந்து உட்காராத கன்று ஆபத்தில் இருக்கிறது. வாயில் விரலை விட்டுப் பாருங்கள். சப்பினால், அது எழட்டும் என்று காத்திராமல் சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுங்கள்: 25 கிலோ கன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், 12 மணி நேரத்துக்குள் மீண்டும் அதே அளவு. நேரம் ஆக ஆகக் குடல் அதை ஏற்பது குறையும். ஒரு நாளில் நின்றே போகும். சப்பாத கன்றின் வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் குழாய் வழியே செலுத்துவார். தொப்புளை டிங்சர் அயோடினில் முக்குங்கள். உடல் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அணைத்து வையுங்கள்.

கேள்வி: அடுத்த முறை எப்போது மருத்துவரை அழைப்பது?

பதில்: பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் உடனே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, தலை மடங்கியிருந்தாலோ இழுக்கவே வேண்டாம். இரண்டு ஆள் பலத்துக்கு வராத கன்றுக்கு அறுவை தேவைப்படலாம்.

கிடேரிக்குச் சினை ஊசி போடும்போதே சிறிய கன்று தரும் காளையின் விந்தைக் கேளுங்கள். சிறிய உடல்வாகு கொண்ட ஜெர்சி கலப்பினக் கிடேரிக்கு, பெரிய உடல்வாகு கொண்ட எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) இன ஊசி வேண்டாம். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணைகளில், எளிதாக ஈன வைக்கும் காளை எது என்பதற்கே தனி மதிப்பீடு பார்த்துத்தான் கிடேரிகளுக்குக் காளை தேர்ந்தெடுக்கிறார்கள்.